கூலி: தமிழில் உழைப்புக்கான பணம், ஆங்கிலத்தில் இழிசொல். ஒரே சொல் எப்படி இரண்டானது?

2015 செப்டம்பரில் மூணாறு நகரத்தைத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஒன்பது நாள் ஸ்தம்பிக்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ் பேசுபவர்கள். கட்சிக்காரர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்டது முக்கியமாக இரண்டு விஷயம். 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்த போனஸைப் பழையபடி தர வேண்டும். ஒரு நாளைக்கு 232 ரூபாயாக இருந்த கூலியை 500 ரூபாயாக ஆக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கோரிக்கையில் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். கூலி. மூணாறிலும் சரி, அதை அடுத்த சித்திரபுரம், பள்ளிவாசல் பக்கத்திலும் சரி, அது தினமும் புழங்கும் சொல். அங்கே தமிழும் மலையாளமும் ஒரே கடையில், ஒரே பேருந்தில் கலந்து பேசப்படுகின்றன. இரண்டு மொழியிலும் கூலி என்றால் ஒரே அர்த்தம்: வேலைக்குக் கிடைக்கும் பணம். அதைக் கேட்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

ஆனால் இதே சொல்லை டர்பனிலோ டிரினிடாடிலோ ஒரு இந்திய வம்சாவளி மனிதரின் முகத்துக்கு நேராக ஆங்கிலத்தில் சொன்னால் அது அவமானம். தென்னாப்பிரிக்காவில் அது இனவெறிச் சொல். நம் ஊரில் ஒருவர் உழைத்து வாங்கும் பணத்தைக் குறிக்கும் சொல், கடல் தாண்டியதும் அந்த மனிதரையே மட்டம் தட்டும் சொல்லாக எப்படி ஆனது? முதலில், அது நம் சொல்தானா?

தமிழில் கூலி என்றால் என்ன?

தமிழில் இது மிகப் பழைய சொல். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில் 'கூலி' வருகிறது. உடலை வருத்தி முயன்றால் அந்த முயற்சி அதற்கேற்ற பலனைக் கொடுத்தே தீரும் என்று சொல்லும் இடம் அது. அங்கே கூலியில் எந்த இளக்காரமும் இல்லை. தெய்வத்தால் முடியாவிட்டால்கூட உழைப்புக்குரியது வந்து சேரும் என்ற நம்பிக்கைதான் இருக்கிறது.

திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு பரோவும் எமனோவும் தொகுத்த வேர்ச்சொல் அகராதி 1961-ல் வெளியானது. அதில் தமிழோடு மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: சம்பளம், வாடகை, உழைப்புக்கான விலை. கூலம் என்றால் தானியம். அந்தக் காலத்தில் வேலைக்குத் தானியம் அளந்து கொடுத்ததால் கூலத்திலிருந்து கூலி பிறந்தது என்று விளக்கும் தமிழறிஞர்களும் உண்டு. அழகான விளக்கம்தான், ஆனால் எல்லா மொழியியலாளர்களும் ஏற்றுக்கொண்ட முடிவாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைய பேச்சில் இந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம். டெய்லரிடம் தையல் கூலி. லாரிக்கு வண்டிக் கூலி. மூட்டைக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. மனசில்லாமல் வேலை பார்ப்பவரைக் கூலிக்கு மாரடிக்கிறார் என்போம். கேரளத்தில் இன்னும் ஒன்று உண்டு: நோக்குகூலி. லோடு இறக்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றதற்கே சுமைத் தொழிலாளர்கள் கேட்கும் பணம் அது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதற்குத் தடை போட்டது. இவை எல்லாவற்றிலும் கூலி என்பது பணம்தான். ஆளைச் சொல்ல வேண்டும் என்றால் நாம் இன்னொரு சொல்லை ஒட்டவைக்கிறோம்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி.

தமிழிலும் இந்தச் சொல் முழுக்க சமமாக நடத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழுந்தால் அது சம்பளம். நாள் கணக்கில் கைக்கு வந்தால் அது கூலி. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு வர்க்கக் கோடு ஓடுகிறது. சாதியும் அதில் கலந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கோடு பணத்துக்குப் போட்டது. ஆங்கிலம் செய்தது வேறு.

ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது? மூன்று கதைகள்

ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் இந்தச் சொல்லின் பூர்வீகம் பற்றி ஒரே பதில் கிடைக்காது. மூன்று விளக்கங்கள் போட்டி போடுகின்றன.

முதல் கதை தமிழ்க் கதை. போர்ச்சுகீசியரும் பின்னால் வந்த மற்ற ஐரோப்பியரும் தென்னிந்தியத் துறைமுகங்களில் மூட்டை தூக்க ஆள் பிடித்தார்கள். அங்கே காதில் அடிக்கடி விழுந்த சொல் கூலி. பணத்துக்கான பெயரையே ஆளுக்கான பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பது இந்த விளக்கம்.

இரண்டாவது, குஜராத் கதை. குஜராத்திலும் கொங்கண் கடற்கரையிலும் வாழும் சமூகத்தின் பெயர் கோலி. மும்பையின் மீனவர்களான கோலிகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ச்சுகீசியர் முதலில் காலூன்றிய மேற்குக் கடற்கரையில் அவர்களில் பலர் சுமை தூக்கும் வேலையும் செய்தார்கள். அந்தச் சமூகப் பெயரே வேலைக்காரருக்கான பொதுப் பெயராகப் பரவியது என்பது இந்த விளக்கம். 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த ஏ.சி. பர்னலும் தொகுத்தது அது. தமிழ்க் கூலியையும் அவர்கள் மறக்காமல் குறிப்பிட்டார்கள்.

மூன்றாவது, துருக்கிக் கதை. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை, ஊழியன். ஹைதராபாத்தை உருவாக்கிய முகமது குலி குதுப் ஷாவின் பெயரில் இருக்கும் 'குலி' அதுதான். இந்தி, உருது வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று எழுதும் அகராதிகள் இந்தத் தொடர்பையும் சேர்த்துச் சொல்கின்றன.

எந்தக் கதையை நம்புவது?

வாட்ஸ்அப்பில் 'ஆங்கிலத்தில் இருக்கும் தமிழ்ச் சொற்கள்' என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி சரி, பாதி புருடா. எது எது என்று பிரித்துப் பார்க்க மொழியியலாளர்கள் நான்கு கேள்விகள் கேட்பார்கள். ஒலி பொருந்துகிறதா? பொருள் பொருந்துகிறதா? காலம் பொருந்துகிறதா? ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அந்தச் சொல் போன வழி எது?

கட்டுமரம் நான்கிலும் பாஸ். ஆங்கில 'கேட்டமரான்' அப்படியே நம் கட்டுமரம். சுருட்டு 'செரூட்' ஆனதும் அப்படித்தான். 'கேஷ்' விஷயத்தில்தான் சிக்கல். காசிலிருந்து கேஷ் வந்தது என்று பெருமையாக ஃபார்வர்டு செய்வோம். ஆனால் இன்று நாம் பர்ஸில் வைத்திருக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கிழக்காசியச் சிறு நாணயங்களை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைத்தார்களே, அந்த இன்னொரு 'கேஷ்' சொல்லுக்குத்தான் போர்ச்சுகீசியம் வழியாகத் தமிழ்க் காசோடு உறவு. எழுத்து ஒன்று, பூர்வீகம் இரண்டு.

இப்போது கூலியை அதே கேள்விகளுக்கு முன்னால் நிறுத்துவோம். ஒலியில் தமிழ்க் கூலி ஜெயிக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இருப்பது நீண்ட 'ஊ', நம் சொல்லிலும் அதே. கோலியில் இருப்பது 'ஓ'. பொருளிலும் தமிழ் முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆரம்பம் முதலே இது சம்பளத்துக்கு வேலை செய்பவரைக் குறித்தது. ஆனால் வழியைப் பார்த்தால் குஜராத் கதைக்கும் வலு இருக்கிறது. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே மேற்குக் கடற்கரையில் கோலிகளின் பெயரைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் சொல்லை எடுத்துக்கொண்டபோது அது ஏற்கெனவே துறைமுகங்களில் புழங்கிக்கொண்டிருந்தது.

அதனால் பலர் ஏற்கும் பதில், இரண்டும் கலந்தது என்பதே. மேற்குக் கரையில் காதில் விழுந்த கோலியும், தெற்கில் காதில் விழுந்த கூலியும் வெளியூர்க்காரர் வாயில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டன. ஒரு நதிக்கு இரண்டு ஊற்று இருப்பது மாதிரி. ஆனால் அந்த நதியில் கடல் தாண்டிப் போனவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். சொல்லின் அர்த்தம் மாறியது அவர்கள் வாழ்க்கையில்தான்.

பணத்தின் பெயர் மனிதரின் பெயரான காலம்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவை. அடிமைகளுக்குப் பதில் ஒப்பந்தக் கூலிகள் என்று முடிவானது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியர்களோடு மொரீஷியஸில் இறங்கியது. 1838-ல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்கு இரண்டு கப்பல்கள் போயின. அதில் போனவர்களை 'கிளாட்ஸ்டன் கூலிகள்' என்றே அழைத்தார்கள். ஆள் எடுத்த தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து கிளம்பியது. அதில் 342 பேர், பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். அதாவது அவர்கள் கூலிக்காகத்தான் போனார்கள். ஆனால் இறங்கிய இடத்தில் அவர்களுடைய பெயரே கூலி ஆகிவிட்டது.

பெயர் மட்டும் மாறவில்லை, கூலியும் வெட்டப்பட்டது. மொரீஷியஸில் 'டபுள் கட்' என்று ஒரு முறை இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் எட்டு நாள் கூலி போச்சு. இன்றைய அலுவலகத்தில் 'லாஸ் ஆஃப் பே' என்று ஒரு நாள் பிடித்தாலே ஹெச்.ஆருக்கு மெயில் போடுகிறோம் இல்லையா? அங்கே மெயில் போட ஆள் இல்லை. வேலையை விட்டு ஓடினால் சிறை.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917-ல் நிறுத்தப்படும்வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மொரீஷியஸ், கரீபியன், தென்னாப்பிரிக்கா, ஃபிஜி என்று போனார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன தமிழர்களில் பெரும்பாலோர் இந்த ஒப்பந்த முறையில் போகவில்லை, கங்காணி வழியாகப் போனார்கள். அவர்களுக்கும் ஆங்கிலப் பதிவேட்டில் இருந்த பெயர் கூலிதான்.

ஃபிஜியில் போனவர்கள் தங்களைத் தாங்களே என்ன சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? கிர்மிட்டியா. 'அக்ரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் என்று அர்த்தம். முதலாளி அவர்களைக் கூலி என்றார். அவர்கள் தங்களை ஒப்பந்தக்காரர் என்றார்கள். இரண்டு பெயருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையின் பெயர் இனத்தின் பெயரானது எப்போது?

அடுத்த திருப்பம் இன்னும் மோசமானது. ஆரம்பத்தில் கூலி என்றால் தோட்டத்தில் வேலை செய்பவர். கொஞ்ச காலத்தில் அது எல்லா இந்தியரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சட்டத்திலேயே ஏறியது. டிரான்ஸ்வாலில் கொண்டுவரப்பட்ட 1885ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், யார் யாருக்குக் குடியுரிமை கிடையாது என்று சொல்லும்போது ஆசிய இனங்களின் வரிசையில் 'கூலிகள் எனப்படுவோர்' என்று ஒரு இனமாகவே சேர்த்துவிட்டது. சம்பளத்தின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகிவிட்டது.

1893-ல் காந்தி டர்பனில் இறங்கியபோது அவர் லண்டனில் படித்த வக்கீல். யாருக்கும் மூட்டை தூக்கவில்லை. ஆனாலும் அவர் 'கூலி பாரிஸ்டர்'. வியாபாரிகள் 'கூலி வியாபாரிகள்'. காந்தி தன் சுயசரிதையில் இதோடு இன்னொரு சொல்லையும் விளக்குகிறார்: 'சாமி'. தமிழர்களின் பெயர்கள் முத்துசாமி, வீராசாமி என்று முடிவதைப் பார்த்து, வெள்ளையர்கள் எல்லா இந்தியரையும் இளக்காரமாக 'சாமி' என்று கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான், நான் உன் எஜமான் இல்லையே என்று சிலர் சாமர்த்தியமாகத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்த ஊரில் தமிழின் இரண்டு சொற்கள், ஒன்று உழைப்பின் பலனையும் இன்னொன்று கடவுளையும் குறிப்பவை, இரண்டுமே வசவாகிவிட்டன.

இந்தச் சொல் இந்தியரோடு நிற்கவும் இல்லை. சீனத் தொழிலாளர்களையும் ஆங்கிலத்தில் அப்படியே அழைத்தார்கள். 1862 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் பெயரிலேயே 'கூலி வர்த்தகம்' இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்கள் அப்படி ஆட்களை ஏற்றிச் செல்வதைத் தடுக்கும் சட்டம் அது. சீன மொழி இந்தச் சொல்லை எழுதத் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளின் அர்த்தம்: 'கசப்பு', 'உழைப்புச் சக்தி'. ஒலிக்காகத்தான் எடுத்தார்கள். ஆனால் அர்த்தமும் அச்சாகப் பொருந்திவிட்டதால், இது சீனச் சொல்லே என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்தோனேசியாவில் மட்டும் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே 'குலி' என்றால் உடல் உழைப்புத் தொழிலாளி. பத்திரிகையாளருக்கு ஒரு செல்லப் பெயர் இருக்கிறது: 'குலி திந்தா', அதாவது மைக் கூலி. எழுதிப் பிழைப்பவர் என்று பொருள். பத்திரிகைக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறார்கள்.

மலைக்கு வந்த கூலி

இப்போது மூணாறுக்குத் திரும்புவோம். 1877-ல் ஜான் டேனியல் மன்ரோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சிங்கோனா என்று பயிரிட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. காட்டை வெட்டவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் கீழேயிருந்து, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, போடி வழியாக மலையேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் நிலம் இல்லை, பஞ்சமும் சாதியும் துரத்தின.

இவர்கள் கடல் தாண்டவில்லை, மலைதான் ஏறினார்கள். ஆனால் தோட்டத்தின் மொழி டர்பன், கண்டி தோட்டங்களின் மொழிதான். ஆள் பிடித்து வந்து வேலை வாங்கியவர் கங்காணி. கண்காணிப்பவர் என்ற தமிழ்ச் சொல் அது. ஆங்கில அகராதியிலும் ஏறியிருக்கிறது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நின்றது, கூலியில் கழிந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் குற்றம் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தராதது சிவில் தகராறு என்று நாம் நினைப்போம். கூலிக்கு மட்டும் அது ஜெயில் விவகாரம்.

சொற்கள் எதிர்த் திசையிலும் பயணம் செய்தன. தொழிலாளர் குடியிருப்புகளை வரிசையாகக் கட்டியதால் ஆங்கிலத்தில் 'லைன்ஸ்' என்றார்கள். அது இந்த மலையில் 'லயம்' ஆனது, இலங்கை மலையகத்தில் 'லயன்' ஆனது. இசையில் லயம் என்றால் தாளகதி. தோட்டத்தில் லயம் என்றால் ஒரே கூரைக்கு அடியில் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் சின்ன வீடுகள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து மூடியது அப்படிப்பட்ட லயங்களைத்தான். 70 பேர் போனார்கள். செய்திகளில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது அதன் ஆங்கிலப் பூர்வீகம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. கூலி என்ற பெயர் காகிதத்தில் தொழிலாளி என்று ஆனது. 2005-ல் டாடா டீ பெரும்பாலான தோட்டங்களை ஒப்படைத்தபோது, ஊழியர்களையும் பங்குதாரர்களாகக் கொண்ட புதிய கம்பெனி உருவானது. ஆக, கொழுந்து பறிப்பவர் காகிதத்தில் பங்குதாரரும்கூட. ஆனால் அவருக்குக் கிடைப்பது நாள் கணக்கில்தான்.

2015 போராட்டம் இந்த இடத்தில்தான் வெடித்தது. 20 சதவீதம் கைக்கு வரும்படி போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்துத் தர ஒத்துக்கொள்ளப்பட்டது. நாள் கூலி 500 ஆகவில்லை. அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவானது. 69 ரூபாய் கூடியது. அந்தப் பெண்கள் 'எங்களைக் கூலி என்று கூப்பிடாதே' என்பதற்காக ரோட்டுக்கு வரவில்லை. 'எங்கள் கூலியைக் கொடு' என்று வந்தார்கள். சொல்லின் பழைய அர்த்தத்தை, குறளில் இருக்கும் அர்த்தத்தை, அவர்கள் கையில் எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள்

வசவாகிப் போன சொல்லை என்ன செய்வது என்பதில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே மாதிரி யோசிக்கவில்லை. மொரீஷியஸ் கவிஞர் கல் தொராபுலி 1992-ல் 'கூலிட்யூட்' என்ற புதுச் சொல்லை உருவாக்கினார். கப்பலில் வந்தவர்களின் கலந்த பண்பாட்டை வெட்கமில்லாமல் சொந்தம் கொண்டாடும் சொல் அது. கயானாவில் பிறந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர், கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய புத்தகம் 2013-ல் வந்தது. தலைப்பு 'கூலி வுமன்'. யோசித்துத்தான் அந்தத் தலைப்பை வைத்தார். இன்னும் பலர், அந்தச் சொல்லை யார் வாயிலிருந்தும் கேட்க விரும்பவில்லை என்கிறார்கள்.

இந்தியாவில் கதை வேறு. முல்க் ராஜ் ஆனந்த் 1936-ல் 'கூலி' என்று நாவல் எழுதினார். 1983-ல் அமிதாப் பச்சன் 'கூலி' ஆனார். 2025 ஆகஸ்டில் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் ரஜினிகாந்தின் 'கூலி' வந்தது. தியேட்டரில் அந்த டைட்டில் விழும்போது விசில் பறந்தது. இங்கே அது உழைப்பவரின் கெத்து. ஆனால் ரயில்வே வேறு மாதிரி யோசித்தது. 2016 ரயில்வே பட்ஜெட்டில், ஸ்டேஷன் போர்ட்டர்களை இனி கூலி என்று அழைக்கக் கூடாது, 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பெயர் மாறியது. சூட்கேஸுக்குச் சக்கரம் வந்ததும் வருமானம் குறைந்ததே, அதற்குப் பெயர் மாற்றம் பதில் சொல்லவில்லை.

ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கால் சென்டர் காலத்தில் 'சைபர் கூலி' என்ற பட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிபட்டது. ராத்திரி ஷிஃப்ட், வெள்ளைக்காரப் பெயர், குறைந்த டாலர் என்பதைக் கிண்டலடித்த சொல். இன்றும் டீக்கடையில் நின்று 'நாமளும் கார்ப்பரேட் கூலிதான் மச்சி' என்று சொல்லிக்கொள்கிறோம். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு உண்மையும், ஒரு வசதியும் இருக்கிறது. உண்மை: நாமும் நேரத்தை விற்கிறோம். வசதி: ஒரு நாள் லீவு போட்டால் நமக்கு இரண்டு நாள் சம்பளம் போவதில்லை.

அப்படியென்றால் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

தமிழிலும் மலையாளத்திலும், பணத்தைக் குறிக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். செய்கூலியைச் செய்கூலி என்றுதான் சொல்ல முடியும். குறைந்தபட்சக் கூலி என்று சொன்னால்தான் அரசாங்கத்துக்கும் தொழிலாளிக்கும் புரியும். அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை.

ஆளைக் குறிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 'ரெண்டு கூலியைக் கூட்டிட்டு வா' என்பதற்கும் 'வேலைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் மனிதர் காணாமல் போகிறார். காலனிக் காலப் பதிவேடு செய்ததும் அதைத்தான்.

ஆங்கிலத்தில், குறிப்பாக வெளிநாட்டு டீமில் இருக்கும்போது, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். உங்கள் சக ஊழியர் டர்பன்காரராகவோ டிரினிடாடுக்காரராகவோ இருக்கலாம். நமக்கு அது ரஜினி பட டைட்டில். அவர்களுக்கு அது தாத்தாவின் மேல் விழுந்த அடி. அவர்களே அந்தச் சொல்லை எடுத்துப் பெருமையாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை.

'இது தமிழ்ச் சொல்தானே' என்று யாராவது கேட்டால், இப்படிச் சொல்லலாம்: தமிழ்க் கூலிக்கும் குஜராத் கோலிக்கும் இதில் பங்கு இருக்கிறது, ஒலியும் பொருளும் தமிழ்ப் பக்கமே அதிகம் நிற்கின்றன. ஆனால் அந்த வசவு தமிழில் பிறந்ததல்ல. அது தோட்டத்திலும் கப்பலிலும் சட்டப் புத்தகத்திலும் உருவானது. தமிழில் கூலி என்பது ஒருவருக்கு வந்து சேர வேண்டிய பணம். தேயிலை மலைகளில் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பணத்தைத்தான்.